கழற்ற மட்டும்

விதவை ஆர்டிஸின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த மோட்டார் சைக்கிளை வெர்லின் ஓடகார்ட் இரண்டு வருடமாகப் பெண் பார்ப்பதுபோலப் பார்த்துவந்தான். போகும்போதெல்லாம் ஒரு குறை சொல்லிவிட்டு வருவான். ஒருமுறை டயரில் வெடிப்பு, இன்னொருமுறை டேங்கில் துரு, அதற்கடுத்து செயினைத் தொட்டுப் பார்த்து ஒரு பெருமூச்சு. பெருமூச்சுக்குத்தான் ஆர்டிஸ் விலையில் அதிகம் இறங்கினாள். இன்னும் ஒரு பனிக்காலம் போனால் போதும், இதை யாராவது ஓட்டிக்கொண்டு போங்களேன் என்று அவளே கெஞ்சுவாள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

அந்தக் கணக்கில் மண் விழுந்த சேதியைக் கொண்டுவந்தவன் பக்கத்து வீட்டு க்ளிஃப். பள்ளிக்கூடத்தில் பேண்டு வாத்தியம் சொல்லித்தர சிகாகோவிலிருந்து புதிதாக வந்திருந்த நோலன் என்கிற இளவட்டம் வண்டியை வாங்கிவிட்டான்.

"எவ்வளவுக்கு?" என்றான் வெர்லின்.

"அவ கேட்டதுக்கு."

"பேரமே பேசலையா?"

"பேசலை. அவ சொன்னா, இவன் குடுத்தான். நன்றி வேற சொன்னானாம்."

வெர்லினின் காபி ஆறிப்போயிற்று. வண்டி போனதுகூட அவனுக்குப் பெரிதில்லை. இரண்டு வருடம் அவன் விட்ட பெருமூச்சு அத்தனையையும் ஒரு நன்றியில் துடைத்துப் போட்டுவிட்டான் பயல். உழைத்துச் சம்பாதித்ததைத் திருடன் கொண்டுபோனால்கூட ஆறிவிடும். இந்த வயிற்றெரிச்சல் எதில் ஆறும்?

மார்ச் மாதத் தொடக்கத்தில், பனியைக் கரைக்க ரோட்டில் கொட்டிய உப்போடு தெருவெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு சனிக்கிழமை, நோலன் அவனாகவே வந்து சேர்ந்தான். கையில் ஒரு பெட்டி பீர். ஒருவன் கராஜுக்கு யோசனை கேட்கப் போனால் பீர் கொண்டுபோக வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். முதல் டின் திறக்கும்வரை யாரும் வந்த விஷயத்தை எடுப்பதில்லை. வந்தவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெர்லின் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. பக்கத்து மேசையில் கிடந்த நட்டை அடித்துக் கழற்றும் தன் சின்ன இம்பேக்ட் ரெஞ்ச் மேல் மட்டும் ஒரு அழுக்குத் துணியை இழுத்துப் போட்டான். ஏன் போட்டான் என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அவனுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. வேன் நிறையக் கருவிகளோடு ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகப் போய் விற்று நரைத்தவன் அவன். கை முந்திக்கொள்ளும், புத்தி பின்னால் வரும்.

டின் திறந்தது. க்ளிஃபும் மூலையில் உட்கார்ந்து ஒன்று திறந்துகொண்டான்.

"முன் பல்சக்கரத்து நட்டு அசையவே மாட்டேங்குது, வெர்லின். டயர், செயின், ஆயில் எல்லாம் நானே வீட்ல பாத்துக்கலாம்னு நினைக்கிறேன். மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனா இந்த ஊர்ல..."

"பேரு கெட்டுடும்" என்று முடித்துவைத்தான் க்ளிஃப்.

நோலன் போனை நீட்டினான். பேட்டரியில் ஓடுகிற மூன்று இம்பேக்ட் ரெஞ்சுகள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்கும். ஒன்று நடுத்தரம். மூன்றாவது லாரிச் சக்கரம் கழற்றுகிற ராட்சசன். "எது எடுக்கலாம்?"

வெர்லினுக்கு விடை தெரியும். மோட்டார் சைக்கிளுக்குச் சின்னது தாராளம். கூடவே ஒரு வாக்கியமும் உண்டு: இது கழற்ற மட்டும், முறுக்குவதைக் கையால் செய், அளவு காட்டும் டார்க் ரெஞ்சால் செய். வேனில் ஏறிய ஒவ்வொருவனிடமும் அவன் சொன்ன வாக்கியம் அது. வாய் திறந்தால் தானாக வரும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. நோலன் கொண்டுவந்த பீரை ஒரு வாய் குடித்து அதை உள்ளே தள்ளினான்.

"வாத்தியாரே, உங்க நட்டு எத்தனை வருஷம் உப்புத் தின்னுருக்கு தெரியுமா? இந்தச் சின்னதெல்லாம் அது முன்னாடி போய் நின்னு கெஞ்சும்."

"சின்னதே போதும்னு வீடியோவுல ஒருத்தர் சொன்னாரே."

"அவரு எந்த ஊரு?"

"கலிஃபோர்னியான்னு நினைக்கிறேன்."

"அங்க ரோட்ல உப்பு போட மாட்டான். வெயில் போடுவான். அவன் நட்ட விரலாலயே கழட்டலாம்." க்ளிஃப் சிரித்தான், நோலனும் சிரித்தான். "பெருசா எடுங்க. அது முன்னாடி நிக்கிற நட்டு இன்னும் பொறக்கல. நட்ட கவ்வுற சாக்கெட்டு மட்டும் கறுப்பு நிறத்துல வாங்குங்க. பளபளன்னு இருக்கிறது சிதறிடும், கண்ணு போயிடும். கண்ணாடி போடாம தொடாதீங்க. பேட்டரி ரெண்டு வச்சுக்குங்க."

எல்லாம் சத்தியம். ஒன்பது உண்மையை வரிசையாகச் சொல்லிவிட்டால், சொல்லாமல் விட்ட பத்தாவதை யாரும் தேடமாட்டார்கள் என்பதை வேனில் கற்றிருந்தான்.

ஆனால் நோலன் தேடினான். "திரும்ப மாட்டும்போதும் இதேதானா?"

க்ளிஃப் டின்னுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"சுவிட்ச பாருங்க" என்றான் வெர்லின். "அம்பு ரெண்டு பக்கமும் போட்டிருக்கானா இல்லையா?"

"போட்டிருக்கான்."

"அப்புறம் என்ன?"

நோலன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் க்ளிஃப் தொடையைத் தட்டினான். "டேய், அவன் லாரிக்காரன் சாமான வச்சு அலுமினியத்த முறுக்கப்போறான்டா! அத்தனை மரையும் பிச்சுக்கும்!"

"நான் முறுக்கச் சொன்னேனா?"

"சொல்லல."

"உன் காதால கேட்டியா இல்லையா?"

"கேட்டேன்டா, கேட்டேன்." க்ளிஃப் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தான். ஒருவனாவது நோலனிடம் போய்ச் சொன்னானா என்றால், இல்லை. நல்ல வேடிக்கையை எவன் கெடுப்பான்?

அதற்கப்புறம் வெர்லினுக்குப் பொழுது இனிமையாகப் போயிற்று. மூன்று வீடு தள்ளி நோலனின் கராஜ். அவன் வாங்கிவந்த ராட்சசன் உறுமினால் இங்கே ஸ்டூலில் கேட்கும். கழற்றும்போது வெட்டு வெட்டாக வரும். முறுக்கும்போது இழுத்து முழங்கும். காதாலேயே வண்டியின் சாவைப் படித்தான். "இப்ப பல்சக்கரத்து நட்டு... போச்சு, மரை போச்சு. இது ஆயில் போல்ட்டு. அடிச்சான் பாரு!" க்ளிஃப் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வான். ஒரே ஒரு சனிக்கிழமைதான் அந்தக் கச்சேரி தவறியது. பேத்தியின் ஹாக்கி ஆட்டம் பார்க்க வெர்லின் அடுத்த ஊருக்குப் போயிருந்தான்.

ஏப்ரல் தொடக்கத்தில் நோலன் மறுபடி வந்தான். கையில் பீர் இல்லை. சட்டையெல்லாம் எண்ணெய்.

"ஆயில் நிக்க மாட்டேங்குது. பல்சக்கரம் ஆடுது. எல்லாத்தையும் நானே கெடுத்துட்டேன், வெர்லின். வித்துடலாம்னு பாக்கிறேன்."

வெர்லின் கூடவே போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினான். குனிந்தான், நிமிர்ந்தான். பெருமூச்சு விட்டான். "உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு பாக்கிறேன். பழைய இரும்புக்குப் போறத நான் எடுத்துக்கிறேன்" என்று ஒரு விலை சொன்னான். ஆர்டிஸ் கேட்டிருந்தால் நெஞ்சு வலி வந்திருக்கும்.

"சரி" என்றான் நோலன். இதிலும் பேரமில்லை.

அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டுவந்து வெர்லினின் கராஜில் நிறுத்தினார்கள். கை குலுக்கினார்கள். குலுக்கிய கையை விடாமலே நோலன் சொன்னான்: "இன்னொண்ணு சொல்லணும். முன்னாடி பிரேக்ல நான்..."

வெர்லின் உள்ளங்கையை உயர்த்தினான். வேனில் படித்த இன்னொரு பாடம்: கை குலுக்கிய பிறகு விற்பவனை வாய் திறக்க விடக் கூடாது. திறந்தால் ஏதாவது ஒரு ஞாபகம் வரும், ஞாபகம் வந்தால் விலை ஏறும், இல்லையென்றால் பெண்டாட்டியைக் கேட்டுச் சொல்கிறேன் என்பான். "முடிஞ்சது வாத்தியாரே. இனிமே அது என் தலைவலி. வீட்டுக்குப் போய் ட்ரம்பெட் ஊதுங்க."

நோலன் வாயை மூடினான். உடனே போய்விடவில்லை. மேசையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றான். எங்கே விலை பற்றாது என்று ஆரம்பிக்கப்போகிறானோ என்று வெர்லின் கதவுப் பக்கம் நகர்ந்தான். நோலன் திரும்பி நடந்தான். நல்லவேளை, கழுத்தறுபட்ட ஆட்டுக்குக் கத்தத் தெரியவில்லை என்று வெர்லின் கதவைச் சாத்தினான். அழுக்குத் துணி தரையில் கிடந்ததையோ, சின்ன இம்பேக்ட் மேசைமேல் பட்டப்பகலில் உட்கார்ந்திருந்ததையோ அவன் கவனிக்கவில்லை.

வண்டியைச் சரிசெய்ய அவனுக்கு அதிக நாள் ஆகவில்லை. எண்ணெய்ச் சட்டியை மாற்றினான், பல்சக்கரத்துத் தண்டை மாற்றினான். எங்கே அடிபட்டது என்றுதான் காதாலேயே படித்து வைத்திருந்தானே. முன்சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் பிரேக் காலிப்பரைப் பிடிக்கிற போல்ட்டுகளை ஒருமுறை குனிந்து பார்த்தான். கச்சிதமாக உட்கார்ந்திருந்தன. ஹாக்கி ஆட்டம் நடந்த அந்தச் சனிக்கிழமை நோலன் ராட்சசனை வைத்து அங்கேயும் மரையைப் பிய்த்து எடுத்துவிட்டு, பசை தடவி உட்கார வைத்திருந்தான் என்று போல்ட்டின் தலையைப் பார்த்தால் தெரியுமா?

முதல் பெருமழை ரோட்டு உப்பைக் கழுவிக்கொண்டு போகும்வரை அந்த ஊரில் எவனும் வண்டியை வெளியே எடுக்கமாட்டான். கழுவிய மறுநாள் காலை எவனும் வீட்டில் இருக்கமாட்டான். எல்லோரும் ஏரிக்கரைக் கடைக்குப் போய் ஆப்பிள் பை தின்றுவிட்டு வருவார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவனுக்கு அடுத்த வருடம்வரை அதே பெருமைப் பேச்சு. ஆர்டிஸின் வண்டியில் முதலாவதாகப் போய் நிற்க வேண்டும், நோலன் பார்க்க வேண்டும். வெர்லின் அந்த அவசரத்தில் கிளம்பினான்.

ஏரிக்கு இறங்குகிற வளைவில் முன் பிரேக்கைப் பிடித்தான். காலிப்பர் கழன்று சக்கரக் கம்பிகளுக்குள் புகுந்தது. சக்கரம் நின்றது, வெர்லின் நிற்கவில்லை. சாலையோரத் தடுப்பு இரும்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் அவன் வலது கை அகப்பட்டுக்கொண்டது. டாக்டர்கள் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். விரல்களை மடக்குவதுதான் அவர்களால் திருப்பித் தர முடியாமல் போயிற்று.

கோடையில் வெர்லின் தன் கராஜ் வாசலில் மேசை போட்டுக் கருவிகளைப் பரப்பினான். ஸ்பேனர் பிடிக்க முடியாதவனுக்கு ஸ்பேனர் எதற்கு? முதலில் வந்தவன் க்ளிஃப். ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"இதுல துரு."

"அது கிரீஸ்டா."

"கிரீஸ் மாதிரி துரு." க்ளிஃப் பெருமூச்சு விட்டான். வெர்லினுக்கு நன்றாகத் தெரிந்த பெருமூச்சு. "உன் மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு பாக்கிறேன். இத்தனையும் இனி உனக்குக் கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் ஆகும். ஒரு விலை சொல்லு, நானே வாரிட்டுப் போயிடறேன்."

வெர்லின் பதில் சொல்வதற்குள் நோலன் வந்துவிட்டான். கையில் ஒரு பெட்டி பீர். ஒன்றை எடுத்து அவனே திறந்து வெர்லினின் இடது கையில் கொடுத்தான். மேசையில் தேடி, சின்ன இம்பேக்ட் ரெஞ்சையும் டார்க் ரெஞ்சையும் எடுத்துக்கொண்டான்.

"ரெண்டும் எவ்வளவு?"

பேரத்துக்கு இடம் விட்டு, புதிதின் விலையைவிடக் கூட்டியே சொன்னான் வெர்லின். பேசட்டும், இந்தப் பயலாவது ஒருமுறை வாய் திறந்து பேசட்டும் என்று இருந்தது. நோலன் பர்ஸை எடுத்துக் கேட்டதை அப்படியே நீட்டினான்.

"முன்னாடி பிரேக்க பத்தி அன்னைக்குச் சொல்ல வந்தேன்" என்றான்.

"தெரியும்."

"கையக் காட்டி நிறுத்திட்டீங்க."

"இன்னொரு தடவை சொல்லியிருக்கலாமே வாத்தியாரே." வெர்லின் டின்னைக் கீழே வைத்தான். "ஒரே ஒரு வார்த்தை."

"சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு." நோலன் கையிலிருந்த சின்ன ரெஞ்சைத் திருப்பி, சுவிட்சில் இருந்த இரண்டு அம்புகளையும் கட்டை விரலால் தடவினான். "அப்பதான் இத உங்க மேசைல பார்த்தேன்."

இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். தெரு முனையில் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான்.

க்ளிஃப் மேசைமேல் இருந்த நோட்டுகளைப் பார்த்துக் கண்ணை விரித்தான். "பேரமே பேசலையா?"

"பேசலை."

"போறப்ப என்னடா சொன்னான்?"

மடங்காத கையை வெர்லின் மடியில் வைத்துக்கொண்டான். "நன்றி சொன்னான்."