வாஞ்சிநாதன் எழுந்து நின்றது

உலகம் ஒரு கணம் தன் அலுவல்களை நிறுத்திவிட்டுக் கவனிக்க வேண்டிய செய்தி இது: கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில், சனிக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு, வாஞ்சிநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

இதன் மகத்துவம் புரிய, நாகரத்தினத்தின் கராஜ் சட்டம் தெரிய வேண்டும். மாதம் ஒருமுறை எட்டுப் பேர், தலைக்கு இருபது டாலர், போக்கர் டோர்னமென்ட். பணத்துக்குப் பதில் வைத்தாடும் வில்லைகளான சிப்ஸ் மொத்தத்தையும் ஒரே ஆட்டத்தில் இறக்குபவர், அதாவது 'ஆல் இன்' போகிறவர், எழுந்து நிற்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு "சும்மா சொன்னேம்ப்பா" என்று பின்வாங்கும் கனவான்களுக்காக வந்த சட்டம். எழுந்தால் எழுந்ததுதான்.

வாஞ்சிநாதன் பத்தொன்பது மாதங்களில் ஒருமுறைகூட எழுந்ததில்லை. எப்போது எழ வேண்டும் என்பது அங்கே அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. எக்ஸெலில் அட்டவணையே வைத்திருந்தார். ஆனால் அந்த நேரம் வந்ததும், இன்னும் ஒரு கை பார்க்கலாமே என்று தோன்றும். பார்ப்பார். சிப்ஸ் கரையும். உட்கார்ந்தபடியே தோற்றுப்போவார். கிரீன் கார்டுக்குப் பதினான்கு வருடமாகக் காத்திருப்பவருக்குக் காத்திருப்பது ஓர் உடலுறுப்பாகவே ஆகிவிட்டிருந்தது. அன்று காலை ஷேவ் செய்யும்போது, 'ஒரே ஒரு தடவை, நானாக' என்று கண்ணாடியிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்.

மூன்று பத்துக்கு அவர் கையில் இருந்தவை ஓர் ஏழும் ஓர் இரண்டும். அதைவிடக் கேவலமாக இரண்டு சீட்டு ஒருவருக்கு வர முடியாது. கீழே போடப் போனார். அப்போது, பெண்கள் கூடியிருந்த ஹாலிலிருந்து கதவைத் திறந்துகொண்டு, சென்னையிலிருந்து வந்திருக்கும் அவருடைய மாமனார் போன் சார்ஜர் கேட்டு வந்தார். மாப்பிள்ளை சடாரென்று எழுந்தார்.

"ஆல் இன்!" என்று அலறினார் நாகரத்தினம்.

 எதிரே சிப்ஸைக் கோபுரமாக அடுக்கி வைத்திருந்த திருமூர்த்தி, தன் கையிலிருந்த இரண்டு ராஜாக்களைத் துக்கத்துடன் பார்த்தார்.

"ரெண்டு ஏஸ் இல்லாம இந்த மனுஷன் எந்திரிப்பாருங்களா? நான் ஃபோல்டுங்க."

மற்றவர்களும் சீட்டைக் கீழே போட்டு விலகிவிட்டார்கள். நடுவில் கிடந்ததெல்லாம் வாஞ்சிநாதனுக்கு.

"மாமா வந்தார்... அதான் எழுந்தேன்" என்று சீட்டைக் காட்டினார். நேர்மை அவருடைய இன்னொரு வியாதி. கராஜ் அதிரச் சிரித்தார்கள்.

"உக்காருங்கோ மாப்ளே, ஆடுங்கோ" என்றார் மாமனார், சார்ஜரை மறந்து சுவரோரம் நின்றபடி.

அடுத்த கை. ஏஸும் ராஜாவும், இரண்டும் ஹார்ட். அட்டவணை 'இப்போது' என்றது. முழங்கால்கள் 'இன்னும் ஒரு கை' என்றன. வாஞ்சிநாதன் எழுந்தார்.

"பெரியவர் நின்னா இவரால உக்கார முடியலைங்க பாவம்" என்றார் திருமூர்த்தி. "கால்!" என்று ஈடான சிப்ஸை நடுவில் தள்ளினார்.

"இல்ல திருமூர்த்தி. இது நானா எழுந்தது."

"சரிங்க, சரிங்க."

நின்ற உயரத்திலிருந்து, திருமூர்த்தியின் உச்சந்தலையில் ஒரு டாலர் நாணயமளவு வழுக்கை தெரிந்தது. பத்தொன்பது மாதமாக அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். வாஞ்சிநாதன் உட்காரவில்லை. மேசை நடுவில் ஐந்து சீட்டுகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின.

ஏஸுக்கோ ராஜாவுக்கோ ஜோடி சேரவில்லை. திருமூர்த்தியிடம் ஒரு ஜோடி மூன்று இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. எட்டுப் பேரில் வாஞ்சிநாதனுக்கு ஆறாவது இடம்.