செட்டிங்ஸுக்குத் தனி ரூம்

சுப்பண்ணனின் சாயப்பட்டறையில் சாயம் ஒரு ரூமில் இருக்கும், ரெசிபி வேறொரு ரூமில் பூட்டியிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவன் மறுநாளே பக்கத்துப் பட்டறைக்கு ஓடிவிடுவான் என்பது அவர் கொள்கை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எத்தனை கிராம் போடவேண்டும் என்று சாய மாஸ்டர் குருசாமிக்கு அது கட்டம் கட்டமாகத்தான் சொல்லும். முழு ரெசிபி அவருக்கே தெரியாது.

அதில் லினக்ஸ் என்ற சிஸ்டத்தைப் போட்டுக்கொடுத்தவன் நான். ஒருநாள் சுப்பண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி, இந்தக் கம்ப்யூட்டரோட செட்டிங்ஸெல்லாம் எங்கீங்க இருக்குது?”

“/etc-ன்னு ஒரு போல்டர்ல இருக்கு முதலாளி.”

“சிஸ்டம் இருக்கற எடத்துலயேவா? மொதல்ல டிஸ்க்குல தனி ரூமாட்டப் பார்ட்டிஷன் பிரிச்சு அதை அங்க மாத்துங்க.”

எடுத்துச் சொன்னேன். “கம்ப்யூட்டர் முழிச்சதும் தேடுறதே அதைத்தான் முதலாளி. எந்தப் பார்ட்டிஷனை எங்க சேர்க்கணும்னு எழுதியிருக்கிறதும் அதுக்குள்ளதான். தனியா வச்சா, அங்க போறதுக்கு வழி தெரியாம நிக்கும்.”

“நானெல்லாம் ரெசிபியப் பிரிச்சு வெச்சுத்தானுங்க பட்டறையே நடத்தறேன்” என்றார்.

இதற்குமேல் கம்ப்யூட்டரால் என்ன சொல்லிவிட முடியும்? மாற்றினேன். பழைய நகலையும் பக்கத்தில் நின்று அழிக்க வைத்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷின் என்பதால் அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. “பாத்தீங்களா?” என்று பெருமை வேறு.

மறுவாரம், ஏற்றுமதிக்கான இளநீலத் துணி பாதிச் சாயம் குடித்திருந்த நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியதும் எல்லாம் எழுந்தன, கம்ப்யூட்டரைத் தவிர. திரையில் கர்சர் மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

“அடுத்து எத்தனை கிராமுங்க?” என்று குருசாமி கத்தினார். யாருக்கும் தெரியக்கூடாது என்றுதானே இத்தனை ஏற்பாடும்.

பெருமாநல்லூரில் என் ரூமுக்கு வண்டியை முறுக்கிப் போய், லினக்ஸ் சிடியைக் கொண்டுவந்து, அதை வைத்துக் கிளப்பி, /etc-ஐப் பழைய இடத்துக்கே திருப்பினேன். கம்ப்யூட்டருக்கு உயிர் வந்தது. அதற்குள் துணி திட்டுத்திட்டாகிப் போயிருந்தது. லாட் மொத்தத்துக்கும் கறுப்புச் சாயம் ஏற்றினார்கள். இளநீலம் கேட்ட வெளிநாட்டு பையர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்.

சுப்பண்ணன் கறுப்புத் துணியைத் தடவித் தடவிப் பார்த்தார். மனுசன் திருந்திவிட்டார் என்றே நம்பினேன்.

“போனது போகுதுங்க தம்பி. ஆனா, அது நல்ல பூட்டுங்க. நம்மளாலயே தொறக்க முடியலீன்னா, திருடன் எப்பிடித் தொறப்பான்? செட்டிங்ஸ மறுக்கா அந்தத் தனி ரூம்லியே வெச்சுருங்க.”