தோண்டத் தோண்டச் சிரித்தவள்

1
துயரத்தை ஆழமாகச் செதுக்கச் செதுக்க அந்த முகம் சிரித்தது. இந்தக் கதை பிறந்தது அந்தச் சிக்கலில்தான். ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரில் நான் படம் அச்சிடும் மரச்செதுக்கு பழகியபோது முதல் பலகையில் செய்த தப்பு அது. வெட்கப்பட்டு, லீஸ்பெத் என்றொருத்தியின் தலையில் கட்டி, ஆண்டையும் அந்த ஊர் பட்டினி கிடந்த 1923க்குத் தள்ளிவிட்டேன்.

2
[முதல் தொடக்கம்: "பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு" – வேண்டாம். பனிக்கு இங்கே வேலையில்லை.]

லீஸ்பெத் செப்புத் தகட்டில் கீறிப் படம் அச்செடுப்பவள். செப்பு கிடைக்காததால் பேரிக்காய் மரப் பலகைக்கு வந்திருந்தாள். தெருவின் கஞ்சித்தொட்டிக்கு நன்கொடை கேட்கச் சுவரொட்டி வேண்டும். மாலைக்குள் பலகை அச்சகம் போகாவிட்டால், தொட்டிக் கமிட்டியார் பழைய கொழுகொழு தேவதைப் படத்தையே ஒட்டிவிடுவார்கள். தேவதையைப் பார்த்து யார் உருளைக்கிழங்கு கொடுப்பார்கள்? சனிக்கிழமையோடு தொட்டி மூடும்.

படத்துக்கு முகம் கொடுத்தவள் மாடிவீட்டுச் சலவைக்காரி கிரால் அம்மாள். அவளுடைய மூன்று பிள்ளைகளுக்கும் அந்தத் தொட்டிதான் சாப்பாடு. பலகையில் மை தடவி எடுத்த சோதனைத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, இது பட்டினி கிடக்கறவ மூஞ்சியா? கல்யாண விருந்துல ரெண்டு தட்டு வாத்துக்கறி அடிச்சவ மாதிரி இருக்கே!"

"இன்னும் நாலு சுருக்கம் போடறேன். அசையாதீங்க."

"போட்டதுலயே பத்து வயசு குறைஞ்சு போச்சு. இன்னும் நாலு போட்டா எனக்கு மாப்பிள்ளை பாக்கணும்."

(இங்கே லீஸ்பெத் அழுததாக எழுதியிருந்தேன். அவள் சிரித்துவிட்டாள். நான் என்ன செய்ய?)

3
பொறுமையாகப் பாருங்கள். செப்பில், கீறிய பள்ளத்தில் மை தங்கும், கோடு கறுப்பு. மரத்தில், மை மேட்டில்தான் ஏறும். தோண்டிய இடம் வெளுப்பு. செப்பில் பழகிய கை தோண்டிய சுருக்கமெல்லாம் வெளிச்சமாகப் பல்லிளித்தது.

நானும் இந்தக் கதையில் பதினொரு இடத்தில் "வறுமை" என்று தோண்டியிருந்தேன், அடித்துவிட்டேன். மரத்தில் அந்த வசதி இல்லை. பேரிப் பலகை பாழ்.

கிரால் அம்மாள் மாடியேறி, அடுப்புக்கு வைத்திருந்த மீன்பெட்டிப் பலகை ஒன்றைத் தூக்கிவந்தாள். "இந்த மூஞ்சிக்கு இது போதும்."

சொரசொரப்பான பைன் மரம். மெல்லிய கோடு போட்டால் சிம்பு சிம்பாகப் பிய்ந்தது. சுருக்கம் போட வழியே இல்லை.

4
புதிய தாளைப் பார்த்ததும் கிரால் அம்மாள் கேலி செய்யவில்லை.

"ஊரெல்லாம் ஒட்டு. எங்க வாசல்ல மட்டும் வேணாம். பிள்ளைங்க பாக்கும்."

தொட்டி மூடியதா? இரண்டு முடிவு எழுதினேன், இரண்டும் தேவதை போல் இருந்தன. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு உறுதியாகத் தெரிந்தது லீஸ்பெத் கண்ட வழி மட்டும்: கண்குழியையும் ஒட்டிப்போன கன்னத்தின் பள்ளத்தையும் உளியால் தொடாதே. நெற்றி, கன்னமேடு, விரல்கணு என்று எலும்பு துருத்தும் இடத்தை மட்டும் செதுக்கி எடு. மிச்சம் கறுப்பாகவே நிற்கட்டும். தோலைப் பலகையின் வரிகளே அச்சிட்டுக்கொள்ளும்.