வாட்டம் பத்தாத வீடு

பைப் பதிக்கத் தோண்டிய பள்ளம் மோனிகா வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அந்தக் குடியிருப்பின் எல்லா வீடுகளிலும் குளித்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் ஒரு தொட்டியில் சேர்த்து, வடிகட்டி, பொதுப் பூங்காவுக்கு விடுவதென்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவாகியிருந்தது. ராஜகிரிப் பாறை சூடேறி செஞ்சியே அனலாய்த் தகிக்கிற சித்திரை. பூங்காவில் புல் கருகிவிட்டது, அதற்குள்ளே இருக்கிற பிள்ளையார் கோயில் அரளிகூட மொட்டு விடவில்லை. பக்கத்து கமர் ஜஹான் வீட்டுக்கு இணைப்புக் கொடுத்த கையோடு ஆட்கள் மண்ணைத் தள்ளி மூட ஆரம்பித்திருந்தார்கள்.

"உங்க வீட்டுக்கு வாட்டம் பத்தலைன்னு செக்ரட்டரி சொல்ட்டாரு டீச்சர்," என்றான் பிளம்பர் வசீம்.

வாட்டமாம், வாட்டம்! தண்ணீர் ஓடச் சரிவு இல்லையாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? தெருவிலேயே மேடான வீடு இது. மோனிகா ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து பாத்ரூம் வெளிச்சுவர் ஓரத்தில் கவிழ்த்தாள். அது கேட்டைத் தாண்டி விறுவிறுவென்று ஓடிப் பள்ளத்தில் விழுந்தது. வசீம் பார்க்காதவன்போல் பைப்பைத் துடைத்தான்.

"உங்களுக்கு மட்டும் இன்னும் போடலியா டீச்சர்?" என்று மதில்மேல் எட்டிப் பார்த்தாள் கமர் ஜஹான். 'மட்டும்' என்று ஏன் சொல்கிறாள்? இவளுக்கும் தெரியுமோ? பண்டிகைக்குப் பண்டிகை பிரியாணி கொடுத்தனுப்புகிறவளையே சந்தேகப்பட வைத்துவிட்டார்களே, பாவிகள்!

குடிவந்த புதிதில் செக்ரட்டரி அரங்கநாதன் பார்க்க வந்தது நினைவுக்கு வந்தது. சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னாள். "ஊர்ல எந்தப் பக்கம்மா?" என்றார். காலனிப் பக்கம் என்று அதையும் சொன்னாள். ஒளிக்க என்ன இருக்கிறது? சந்தோஷம் என்று காபி குடித்துவிட்டுத்தான் போனார். குடித்தாரா, உதட்டில் வைத்துவிட்டு இறக்கினாரா? அன்றைக்குக் கண்ணில் படாததெல்லாம் இன்றைக்கு வந்து குடைந்தது. பூங்காவுக்குச் சந்தா வேண்டும், எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் வேண்டாமா?

துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு செக்ரட்டரி வீட்டுக்குக் கிளம்பினாள். கேட்டில் அப்பா கோவிந்தசாமி குறுக்கே நின்றார்.

"அவுர இன்னாத்துக்குமா கேக்குற? நான்தான் வேணாம்னு சொன்னேன்."

"நீயா? எதுக்கு நைனா?"

"பிள்ளையாருக்குப் பூக்கிற செடிம்மா. நம்ம வூட்டுல குளிச்ச தண்ணி அதுல பாயுதுன்னு நாளைக்கு எவனாவது ஒரு வார்த்தை சொன்னா நீ தாங்கமாட்ட. யாரும் சொல்றதுக்கு முன்னாடி நாமளே ஒதுங்கிட்டா மரியாதை."

மோனிகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பத்திரத்தில் அவள் பெயர், கடன் அவள் சம்பளத்தில் போகிறது. அந்த வீட்டைத் தெருவிலிருந்து தானே பிரித்துவிட்டு நிற்கிறார் இந்த மனுஷன். கத்த வாயெடுத்தாள். அவர் கை கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. யாரும் எதுவும் சொல்லாமலே இவ்வளவு பயந்திருக்கிறார். அழுகைதான் வந்தது.

அப்படியென்றால் அரங்கநாதன் மேல் தப்பில்லையா? ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷமே வேறொன்று உறுத்தியது.

"வேணாம்னு நீ சொன்னப்ப, ஏன்னு கேட்டாரா நைனா?"

கோவிந்தசாமி துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"கேக்கலம்மா. சரின்னு உடனே சொல்ட்டாரு. வாட்டம் பத்தலைன்னு சொல்லிக்கலாம்னாரு."

வசீமின் ஆள் மண்வெட்டியில் மண்ணை அள்ளினான். மோனிகா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கினாள். முழங்கால்வரை மறைந்தது. அள்ளிய மண்ணோடு அந்த ஆள் அப்படியே நின்றான்.

"ஏறி வாம்மா, எல்லாரும் பாக்குறாங்க," என்றார் அப்பா.

தெருவில் ஒவ்வொரு வீட்டுக் கேட்டாகத் திறக்கிற சத்தம் கேட்டது.