மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு

'கிரே ஹார்பர்' என்ற ராக் குழு தொண்ணூறுகளில் ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள் போட்டுவிட்டுக் கலைந்துபோனது. ஆரணியில் அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே பக்தன் நான், சதீஷ். பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது தொழில். மற்ற நேரமெல்லாம் பாட்டுதான்.

மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பாட்டில், ட்ரம்ஸுக்குப் பின்னால் 'டக்... டக்' என்று ஒரு மர வாத்தியம் வரும். பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வாட்ஸ்அப் ரசிகர் குழுவில் ஒருவனும் ஒத்துக்கொள்வதில்லை. மூலப் பதிவிலிருந்து புதிதாகத் துல்லியப் பதிப்பு வந்ததும், என்னை அதிகம் கிண்டலடிக்கும் பாலமுருகனைப் போளூரிலிருந்து வரவழைத்தேன். தோற்றவன் குழுவில் 'எனக்குக் காது கேட்காது' என்று எழுத வேண்டும் என்று பந்தயம்.

புது ஹெட்போனை மாட்டினேன். பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. டக் மட்டும் இல்லை.

"பாட்டையே கெடுத்து வச்சிருக்கானுங்க பாவிங்க!" என்று கத்தினேன். பரணிலிருந்து பழைய கேசட்டை எடுத்து டெக்கில் போட்டு, ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். டக் கணீரென்று இருந்தது.

"இன்னாபா இது, நெஜமாவே கீது!" பாலமுருகன் வாயைப் பிளந்தான்.

டீ கொண்டுவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"உங்கப்பா தறியாச்சேடா இது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டாவது படிக்கும்போது, இரவல் வாங்கிய டேப் ரெக்கார்டரையும் எங்களுடையதையும் நேருக்கு நேர் வைத்து, ஒரு மாதமாக வீட்டில் ஓடிய இரவல் கேசட்டிலிருந்துதான் அந்தக் கேசட்டைப் பதிவுசெய்தேன். சத்தம் விழக்கூடாதென்று பட்டனை அழுத்திவிட்டுத் தெருவுக்குப் போய்விட்டேன். பக்கத்து அறையில் அப்பா நெய்துகொண்டிருந்தது நினைப்பிலேயே இல்லை. எங்கள் தெருவில் பிறந்தவனுக்குத் தறிச் சத்தம், சத்தக் கணக்கிலேயே சேராது.

"அப்பா தறின்னா, பாட்டோட தாளத்துக்கு எப்படிம்மா ஒத்து வரும்?"

அம்மா டம்ளரை மேசையில் வைத்தாள்.

அப்பாவுக்கு இந்தப் பாட்டென்றாலே ஆகாது. "எழவு வீட்லகூட இப்படி கத்தமாட்டானுங்க, நிறுத்துடா" என்பார். ஒருமுறை டேப் ரெக்கார்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்தார். அந்தக் கோபத்தில் நான் அவருடன் பாட்டைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது.

கேசட்டை ஹெட்போனுக்கு மாற்றி முதலிலிருந்து கேட்டேன். நடுவில் ட்ரம்ஸ் ஓயும் இடத்தில் தறியும் ஓய்ந்தது. கிதார் தனியாக அழுது முடியும்வரை காத்திருந்து, ட்ரம்ஸ் திரும்பியதும் கூடவே சேர்ந்துகொண்டது. அந்த மௌனத்தை எத்தனை பேரிடம் மேதைமை என்று புகழ்ந்திருக்கிறேன்!

பாட்டு முடிந்தது. வழக்கமாக அங்கேயே நிறுத்திவிடுவேன். இன்று விரல் எழவில்லை. வெறும் இரைச்சலுக்கு அடியில், இந்த ஹெட்போனுக்கு மட்டுமே எட்டும்படி, அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடும் அப்பாவின் மெல்லிய குரல்:

"உண்ணாமல, பையன் வர்றதுக்குள்ள ஜல்தியா இன்னொரு தபா போடு."

ஹெட்போனைக் கழற்றி அம்மாவைப் பார்த்தேன்.

"எத்தினி தபா போட்டிருப்பேன்," என்றாள் அம்மா. "நீ ஸ்கூலுக்குப் போனா போதும், இந்தப் பாட்டையே கேட்டுகினு நெய்வாரு. உன் எதிர்ல திட்டிட்டாராம், அதனால உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். பாட்டை இன்னொரு தடவை போட்டுவிட்டு, போனை எடுத்துக் குழுவைத் திறந்தேன்.

"பந்தயமெல்லாம் வேணாம் சதீஷு, உடு," என்றான் பாலமுருகன்.

எனக்குக் காது கேட்காது என்று எழுதி அனுப்பினேன்.