தண்டவாளத்தில் நின்ற வண்டி

“அந்த டிஷ்யூ பெட்டிய கொஞ்சம் தள்ளி வையும்மா. அதப் பாத்தாலே அழுதாகணும்போல இருக்கு,” என்றாள் மார்லா.

மனநல ஆலோசகர் ஷெரில் சிரித்துக்கொண்டே பெட்டியை ஜன்னலோரம் வைத்தாள். சட்பரி நகரில் இருபத்திரண்டு வருஷமாகச் சரக்கு ரயில் ஓட்டியவள் மார்லா. பதினான்கு மாதங்களுக்கு முன்பு, பனி கொட்டிய ஒரு காலையில், லெவல் கிராஸிங்கில் ஒரு பிக்கப் வண்டி நின்றிருந்தது. ஹாரனை அழுத்திப் பிரேக்கை இழுத்தாள். நூற்றுப்பதினெட்டுப் பெட்டிகள் நின்று முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது. வண்டிக்குள் இருந்தவன் பெயர் கிளேட்டன். சீட் பெல்ட் அவிழ்ந்திருந்ததாம். அதனால், சாகவேண்டும் என்றே வந்திருக்கிறான், உன் தப்பில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்தாள். ஆனாலும் கெட்டில் விசிலடித்தால் கையிலிருக்கும் கோப்பை விழுந்துவிடும். கணவன் டக் விசிலில்லாத கெட்டில் ஒன்றை வாங்கி வந்து அடுப்பில் வைத்தான். அன்றைக்கே, “என்ஜின் மக்கர் பண்ணா ஷெட்டுக்குக் கொண்டுபோறோம்ல? நானும் போறேன்,” என்று அவனிடம் சொல்லிவிட்டு ஷெரிலிடம் நேரம் வாங்கினாள்.

கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோல ஆரம்பம் முதல் முடிவுவரை சொல்லவேண்டும். அதுதான் சிகிச்சை. முதல் வாரம் பாதியில் எழுந்து குளியலறைக்கு ஓடினாள். இது ஏழாவது வாரம்.

“அவன் என்னையே பாக்கறான்,” என்றாள் மார்லா.

“அந்த முகத்த விட்டு மெதுவா கீழ வாங்க. வேற என்ன தெரியுது?”

மூடிய கண்ணுக்குள் மார்லா பார்வையைக் கீழே இறக்கினாள்.

“கை கதவுல இருக்கு. தோளால இடிக்கிறான். கதவு திறக்கல.” மார்லா கண்ணைத் திறந்தாள். “அவன் சாக வரலம்மா. எறங்கப் பாத்திருக்கான்.”

“ஞாபகம் சில சமயம் நம்மள ஏமாத்தும், மார்லா.”

“ஏமாத்தலாம். ஆனா அந்த பெல்ட்ட வேற எதுக்குக் கழட்டுவான்?”

பிடித்துக்கொண்டிருந்த ஒரே ஆறுதலும் போய்விட்டது. இனி நொறுங்கிவிடுவோம் என்று காத்திருந்தாள். நொறுங்கவில்லை. மாறாக, என் ரயில்தானா கிடைத்தது உனக்கு என்று அவன்மேல் இத்தனை நாள் கனன்றுகொண்டிருந்த ஆத்திரம் தணிந்திருந்தது. அவள் நிறுத்தப் பார்த்தாள், அவன் இறங்கப் பார்த்தான். இரண்டு பேருக்கும் நேரம் போதவில்லை. அன்று முதல் தடவையாக அவனுக்காக அழுதாள். ஷெரில் ஜன்னலோரம் வைத்த டிஷ்யூ பெட்டியை எடுத்துக் கொடுத்தாள்.

கிளேட்டனின் அக்கா ஜானிஸ் முன்பொரு கடிதம் எழுதியிருந்தாள். ‘என் தம்பி உங்களுக்குச் செய்ததற்கு மன்னித்துவிடுங்கள்’ என்ற ஒரே வரி. மார்லா பதில் போடவில்லை.

“அவங்க கிட்ட சொல்லணும்,” என்றாள் டக்கிடம். “என் கண்ணு பாத்தத மட்டும் சொல்றேன். நம்பறதும் நம்பாததும் அவங்க இஷ்டம்.”

“நானும் வரட்டுமா?”

“வா. ஆனா வண்டிய நான்தான் ஓட்டுவேன்.”

சனிக்கிழமை காலை கிளம்பினார்கள். வழியில் ஒரு கிராஸிங்கில் சிவப்பு விளக்கு மினுங்க, மார்லா வண்டியை நிறுத்தினாள். வரும் ரயிலின் ஹாரன் நீளமாக ஒலித்தது. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, கடைசிப் பெட்டி போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஜானிஸ் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தாள். மார்லா இறங்கித் தன் பெயரைச் சொன்னதும் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். பிறகு, ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாது என்பதுபோல, கம்பளித் தொப்பியைக் காதுகளுக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.