எட்டாவது கட்டு

மூன்று வருஷம் விடாமல் விண்ணப்பம் போட்டு, மூன்றாவது வருஷக் குலுக்கலில்தான் விண்வெளி ஆர்வலர் க்ளப்புக்கு நாற்பத்திரண்டு பாஸ் விழுந்தது. ராக்கெட் கிளம்புவதைப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து பார்ப்பதற்கான பாஸ். அதுவும் வெறும் செயற்கைக்கோளைச் சுமந்து போகிற ராக்கெட் இல்லை. இரண்டு பேர் போகிறார்கள். பதினோரு நாள் பூமியைச் சுற்றிவிட்டு, பாராசூட் விரித்துக் கடலில் இறங்கப்போகிறார்கள். பாஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: குறித்த தேதிக்கு மட்டுமே செல்லும், பயணம் தள்ளிப்போனால் மறுபடி குலுக்கல். பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? அவள் படித்தாள். இரண்டு தரம்.

மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுப்பது அவள் வேலை. ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி உறையில் போடுவாள். போட்ட பிறகு சந்தேகம் வந்து, கொட்டி மறுபடி எண்ணுவாள். அதனால் க்ளப்பில் அவளுக்கு ‘இன்னொருவாட்டி’ என்று பெயர். பெயர் வைத்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அண்ணன்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். அவன் வாய் மட்டும் எந்த மாடியிலும் நிற்காது.

க்ளப் என்றால் தனிக் கட்டடம் எல்லாம் இல்லை. தலைவருடைய சலூன்தான் க்ளப். கண்ணாடிகளுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பலகை தொங்கும். வரப்போகிற பயணங்கள் அதில் வரிசையாக இருக்கும்: நிலவின் மறுபக்கத்தில் இறங்கப்போவது, ஒரு வால்நட்சத்திரத்தைத் துரத்தப்போவது, எது எந்தத் தேதி, ஆள் உண்டா இல்லையா. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் வந்து அழித்து எழுதிவிட்டுப் போவாள். பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணாடியில் அதை இடவலம் மாறிப் படித்து, “என்ன, நிலாவுக்கு மறுபடி தள்ளிப்போச்சா?” என்று வருத்தப்படுவார்கள். தலைவர் அப்படி ஊட்டி வளர்த்த கூட்டம் அது.

கிளம்புவதற்கு மூன்று வாரம் இருக்கையில் விண்வெளி மையத்தில் பொதுமக்களுக்கான நாள் வைத்தார்கள். க்ளப்பே பஸ் பிடித்துப் போனது. எஞ்சின் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. உணவுப் பொட்டலம் காட்டிய இடத்தில் அதைவிட. அவள் அண்ணனையும் தலைவரையும் இழுத்துக்கொண்டு போய் நின்றது பாராசூட் மடிக்கிற கூடத்தில்.

நீளமான மேஜை. ஒரு வீட்டின் முன்வாசலிலிருந்து கொல்லைப்புறம் வரைக்கும் போடலாம், அவ்வளவு நீளம். அதன்மேல் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் துணி. பயிற்சிக்கு வைத்திருக்கும் பாராசூட் என்றார்கள். மடித்துக் காட்டிய பெண்ணுக்கு நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் வலை, கையில் மோதிரம் வளையல் எதுவும் கிடையாது. முன்பு கூடாரம் தைக்கிற இடத்தில் வேலை பார்த்தாராம், இருபது வருஷமாக இங்கே மடிக்கிறாராம். பேசிக்கொண்டே மடித்தார். மடிக்கிறபோது விரல்களைப் பார்க்கவே இல்லை. துணி தானாகவே வந்து அவர் கைக்குள் படுத்துக்கொள்வது போலிருந்தது.

“நிஜமான பாராசூட்டை ரெண்டு மாசம் முன்னாடியே மடிச்சு, அழுத்தி, கலத்துக்குள்ள வெச்சாச்சு. அழுத்தினப்புறம் மரக்கட்டை மாதிரி ஆயிடும். கையால தட்டினா சத்தம் வரும்,” என்றார். “மடிக்கறப்ப துணி நழுவாம இருக்க இப்படிச் சிவப்பு நூலால அங்கங்க கட்டிக்குவோம். மொத்தம் ஏழு கட்டு. கடைசில ஏழையும் வெட்டி எடுத்து இந்தத் தட்டுல வெப்பேன். இன்னொருத்தர் வந்து எண்ணுவார். ஏழு இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்து.”

“ஒண்ணு உள்ளயே தங்கிட்டா?” என்று யாரோ கேட்டார்கள்.

“விரியறப்ப ஒரு ஓரம் பிடிச்சுக்கும். ஒரு நொடி ரெண்டு நொடி தாமதம். கீழ விழுந்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு அது ரொம்ப நேரம்.”

அவள் கையில் சின்ன நோட்டு. எதைப் பார்த்தாலும் கோடு போட்டு எண்ணுவது பழக்கம். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மடித்துக் காட்டிய அந்த அக்கா நூலில் முடிச்சுப் போட்ட ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தாள். அக்கா நிமிர்ந்து, “ஏழு முடிஞ்சது,” என்றபோது நோட்டில் எட்டு இருந்தது.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். எங்கேயோ பராக்குப் பார்த்து ஒரு கோடு கூடுதலாகப் போட்டிருப்பேன். மேஜையை எட்டிப் பார்த்து எண்ணினாள். ஆறு தெரிந்தது. வலது மூலை அந்த அக்காவின் உடம்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. நோட்டை அண்ணனிடம் காட்டினாள்.

“உன் கோடுதான் தப்பு,” என்றான் அவன். “இருபது வருஷமா மடிக்கறாங்க. நீ நேத்துதான் இருமல் மருந்துக்குப் பதிலா காதுல விடற மருந்தைத் தந்துட்டோமோன்னு பாதி வழில திரும்பி ஓடினே.”

“சரியாத்தானே தந்திருந்தேன்.”

“அதைத்தான் சொல்றேன்.”

“கேள்வி இருக்கறவங்க கேக்கலாம்,” என்றார் கூடத்து அதிகாரி. ஒருவர் இந்தத் துணியில் சட்டை தைத்தால் வியர்க்குமா என்று கேட்டார். அந்த அக்கா சிரித்து, “நனைஞ்ச கோழி மாதிரி ஆயிடுவீங்க,” என்றார். கூட்டம் சிரித்தது.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கணக்கு மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கை எட்டுக் கட்டுப் போட்டு வாய் ஏழு என்று சொன்னால், இரண்டு மாதம் முன்பு நிஜப் பாராசூட்டிலும் அப்படி நடந்திருக்கலாம் இல்லையா? தட்டில் ஏழு இருந்தது, கையெழுத்து விழுந்தது. எட்டாவது இருந்திருந்தால் அதை யாரும் தேடியிருக்கமாட்டார்கள். அப்படியானால் பிரிக்கவேண்டும். பிரித்தால் தேதி போகும். தேதி போனால் பாஸ் போகும், நாற்பத்திரண்டும். அதில் அவளுடையதும் ஒன்று. எட்டு வயதிலிருந்து டிவியில் மட்டும் பார்த்த நெருப்பை நேரில் பார்க்கும் பாஸ்.

கையைத் தூக்கினாள். பிறகு தலையைச் சொறிவது போல் இறக்கிக்கொண்டாள்.

“கேக்காதே,” என்று அண்ணன் பல்லுக்குள் சொன்னான். “க்ளப் மானம் போயிடும்.”

வாயை மூடிக்கொண்டு இருப்பது ரொம்ப சுலபமாகத்தான் இருந்தது. தன் கோடு தப்பு என்று வைத்துக்கொண்டால் போதும். அவளுக்கு அது தினப்படிப் பழக்கம். ஆனால் தப்பு என்று தெரிந்துகொள்ளாமல் தப்பு என்று வைத்துக்கொள்வது அவளால் முடியாத காரியம்.

“அக்கா, மன்னிச்சுக்கோங்க,” என்றாள். “நான் தப்பா எண்ணியிருப்பேன். எனக்கு எட்டு வந்துச்சு.”

இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் கூரையைப் பார்த்தார்.

“ஏழுதாம்மா,” என்றார் அந்த அக்கா அன்பாக. விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனார். ஏழைத் தொட்டார். வலது மூலையில், எட்டாவதாக ஒரு கட்டின் மேல் விரல் நின்றது.

அந்த நூலை லேசாக இழுத்துப் பார்த்தார். பிறகு மற்றவர்களுக்காக அல்ல, தனக்கே சொல்லிக்கொள்வது போல, “இந்த மூலை எப்பவும் வழுக்கும். நான் கட்டினது எனக்கே தெரியலையே,” என்றார்.

“பயிற்சித் துணிதானே, பரவாயில்ல,” என்றார் அதிகாரி அவசரமாக.

“பயிற்சித் துணி சரி. கை நிஜக் கைதானே.” அக்கா தலையிலிருந்த வலையைக் கழற்றினார். “நிஜத்தை மடிச்ச அன்னைக்கு எடுத்த வீடியோ இருக்கு. ஆனா இந்த மூலை என் முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கும்.” கூட்டத்தைப் பார்த்து, “இன்னைக்கு இவ்வளவுதாங்க. ஒரு ஃபோன் பண்ண வேண்டியிருக்கு,” என்றார். நேராக அவளிடம் வந்து, “அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்துக்கறேன். உன் நம்பரையும் எழுதிக் கொடும்மா,” என்றார்.

அவர் முகத்தில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தவர் போல வேகமாகக் கதவைத் தாண்டிப் போனார். இருபது வருஷம் சேர்த்த நல்ல பெயரைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரி முன்னால் வைக்கப்போகிறவருடைய நடை அப்படித்தான் இருக்கும் என்று அவள் அதுவரை நினைத்ததில்லை.

புதன்கிழமை செய்தி வந்தது. கூடுதல் சோதனைக்காகப் பயணம் இருபத்தாறு நாள் தள்ளிவைக்கப்படுகிறது. பாஸ் எல்லாம் ரத்து. மறு குலுக்கலில் க்ளப்புக்கு ஒன்றும் விழவில்லை.

சலூனில் கொதித்தார்கள். வங்கிக் காசாளர் ஒருவர், குடும்பத்தோடு கிளம்ப லீவு போட்டிருந்தவர், அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். “உன்னை எஞ்சின் கூடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா எஞ்சினையே கழட்ட வெச்சிருப்பே,” என்றான் அண்ணன். ஆனால் தலைவர் நாலே நாளில் கட்சி மாறினார். சவரத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், “எங்க பொண்ணு ரெண்டு உயிரைக் காப்பாத்தியிருக்கு தெரியுமா?” என்று ஆரம்பித்தார். கதை ஒவ்வொரு தலைக்கும் கொஞ்சம் வளர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவள் மேஜை மேல் ஏறி நின்று கத்தியதாகவே ஆகிவிட்டது. பாஸ் போன வருத்தம் பெருமையாக மாறிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அந்த அக்கா ஃபோன் பண்ணினார்.

“சொல்லலாமான்னு மேலதிகாரிகிட்ட கேட்டு, சரின்னு சொன்னப்புறம்தான் பேசறேன். பிரிச்சுப் பார்த்தோம். உள்ள நூல் இல்லம்மா. அன்னைக்குச் சரியாத்தான் பண்ணியிருக்கேன்.”

“அப்போ என்னால வீணா…”

“என்ன வீண்? நீ கேட்டப்புறம் அது உள்ள இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாம அவங்களை அனுப்ப முடியுமா? போகப்போற ரெண்டு பேரும் வந்து பக்கத்துல நின்னு பார்த்தாங்க. கடைசி மடிப்பு பிரிஞ்சதும் அதுல ஒருத்தர் என்ன சொன்னார் தெரியுமா? ‘அக்கா, திரும்ப மடிச்சுடுங்க. நீங்களே மடிங்க’ன்னார்.” அக்கா தொடர்ந்தார். “மடிச்சுட்டேன். இனிமே கட்டக் கட்டவே ஒருத்தர் நின்னு எண்ணுவார்.”

அண்ணனிடம் சொன்னாள். அவன் வழக்கம்போலக் கிண்டல் செய்யவில்லை. “க்ளப்ல சொல்லாதே,” என்றான். “கஷ்டப்பட்டு எல்லாரும் மனசைத் தேத்திக்கிட்டாங்க. தலைவர் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கார். இப்பப் போய் நூலே இல்லன்னா உன்னையும் தின்னுடுவாங்க, அவரையும் தின்னுடுவாங்க. அப்படியே விட்டுடு.”

அவன் அவள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். இரண்டு நாள் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பலகையில் புதுத் தேதியை எழுதிவிட்டுத் திரும்பினாள். நாற்காலியில் ஒருவர் நுரையோடு சாய்ந்திருந்தார். பெஞ்சில் காசாளர் உட்பட ஆறேழு பேர்.

“உள்ள நூல் இல்லையாம்,” என்றாள். “அந்த அக்கா சரியாத்தான் மடிச்சிருந்தாங்க. நான் யாரையும் காப்பாத்தல. நம்ம பாஸ் போனதுதான் மிச்சம்.”

பெஞ்சில் ஒருவர், “அடக் கடவுளே,” என்றார். காசாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்வையே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

“அப்போ ஒண்ணுமே இல்லாததுக்கா?” என்று நுரைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

தலைவர் கத்தியை அவர் கழுத்திலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றார். வாரம் முழுக்க அளந்த கதை அவர் முகத்திலேயே கரைந்துகொண்டிருந்தது. பிறகு நாற்காலிக்காரரைக் குனிந்து பார்த்தார்.

“நான் சவரம் பண்றப்ப நீங்க ‘ஸ்’ஸுன்னா என்ன பண்ணுவேன்?”

“கையை எடுப்பீங்க.”

“வெட்டியிருக்கா, ரத்தம் வருதா, இல்ல சும்மா கூச்சத்துல சொல்றீங்களான்னு முதல்ல விசாரிச்சுட்டுத்தான் எடுப்பேனா?”

“அய்யோ, வேணாங்க.”

“அவ்வளவுதான்,” என்றார் தலைவர். “அந்தம்மா கையை எடுத்தாங்க. அவ்வளவு பெரிய மையம், அவங்க ஒரு வார்த்தை சொன்னதும் கையை எடுத்துச்சு. இனிமே நான் இந்தக் கதையைத்தான் சொல்லப்போறேன். போன கதையைவிட நல்லாத்தான் இருக்கு.”

காசாளர் எழுந்து போனார். அடுத்த ஞாயிறும் வந்தார், அப்போதும் அவளிடம் பேசவில்லை. எல்லோரும் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவதில்லை.

ராக்கெட் கிளம்பியதைச் சலூன் டிவியில்தான் பார்த்தார்கள். நாற்காலி போதாமல் நின்றுகொண்டு, கவுண்டவுனை வாய்விட்டுச் சொல்லி, கடைசியில் கைதட்டினார்கள். திரையில் நெருப்பு உள்ளங்கை அளவுதான் இருந்தது. அவள் மட்டும் கைதட்ட மறந்து நின்றாள். அது சந்தோஷமா, மாடத்தில் இல்லையே என்ற ஏக்கமா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை, கடையில் நல்ல கூட்டம். கல்லாவுக்குப் பக்கத்தில் ஃபோனை மருந்துப் பெட்டிமேல் சாய்த்து வைத்திருந்தாள். கலம் கரிய புள்ளியாக மேகத்துக்கு மேலே விழுந்துகொண்டிருந்தது. எதிரே சளி பிடித்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா.

“பத்து மாத்திரை கேட்டேனே.”

“ஒரே நிமிஷங்க.”

அவள் எண்ணவில்லை. மூச்சும் விடவில்லை. புள்ளிக்கு மேலே ஒரு கோடு நீண்டது. பிறகு அது ஆரஞ்சும் வெள்ளையுமாக உப்பி விரிந்தது. விழுந்துகொண்டிருந்தது சட்டென்று மிதக்க ஆரம்பித்தது. ஃபோனுக்குள் யார் யாரோ கத்தினார்கள்.

அந்த அம்மா எட்டிப் பார்த்து, “என்ன அது, குடை மாதிரி?” என்றாள். குழந்தையும் கையை நீட்டியது.

எவ்வளவோ சொல்லலாம் போலிருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“அதை மடிச்ச அக்காவை எனக்குத் தெரியுங்க,” என்றாள்.

“ரொம்ப அழகா மடிச்சிருக்காங்க,” என்றாள் அந்த அம்மா. குழந்தைக்குத் தெரியும்படி ஃபோனைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டாள்.